நாலு மேசை, நாலு காகிதம்

"அக்கா, கிரிமினாலஜி சர்டிபிகேட் கோர்ஸ் படிச்சா வேலை கிடைக்குமா?" இந்த வாரம் மட்டும் இன்பாக்ஸில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவருக்கும் பதில் போடவில்லை. இங்கேயே மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

கிடைக்காது தம்பிகளா. தடய அறிவியல் ஆய்வகத்துக்கு வேதியியல், உயிரியல் மாதிரி அறிவியல் படித்தவர்களைத்தான் கேட்பார்கள். எஸ்.ஐ. தேர்வு எழுத ஏதோ ஒரு டிகிரி போதும். ஆறு மாதத்தில் உங்களைத் துப்பறியும் நிபுணர் ஆக்குகிறேன் என்று எவராவது விளம்பரம் போட்டால் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

அப்புறம் நீ எதுக்குப் போய்ப் படிச்சே என்று என் சித்தி மகனும் கேட்டான். வக்கீலாகப் பன்னிரண்டு வருடம் கோர்ட்டில் நின்ற பிறகு, சனி ஞாயிறுகளில் பஸ் ஏறிப்போய், சட்டம், சமூகவியல், உளவியல், தடயவியல், புள்ளியியல் என்று அஞ்சு துறை வாத்தியார்கள் மாறி மாறி எடுத்த இந்தக் குற்றவியல் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். என் பெஞ்சில் ஒரு எஸ்.ஐ., அரசு மருத்துவமனை நர்ஸ் ஒருவர், ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ. ஒருவர். முதல் நாள் அந்த எஸ்.ஐ.யும் நானும் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. குறுக்கு விசாரணை செய்கிறவளுக்கும் கூண்டில் நிற்கிறவருக்கும் என்ன பேச்சு இருக்கும்?

மூன்றாவது வாரம் ஒரு பழைய வழக்குக் கட்டைக் கொண்டுவந்தார்கள், பேரையெல்லாம் அழித்துவிட்டு. ஒரு குழுவுக்கு எஃப்.ஐ.ஆர்., ஒன்றுக்கு ஆஸ்பத்திரி ஏ.ஆர். காப்பி (காயத்தோடு வருகிறவர்களைப் பதியும் விபத்துப் பதிவேட்டின் நகல்), ஒன்றுக்கு ரிமாண்டு ரிப்போர்ட் (கைதானவரைக் காவலில் வைக்கச் சொல்லி போலீஸ் கோர்ட்டில் கொடுப்பது), இன்னொன்றுக்குச் சிறை அனுமதிப் பதிவேட்டின் நகல். "உங்க காகிதத்தை மட்டும் வச்சு என்ன நடந்ததுன்னு எழுதுங்க" என்றார்கள். நாலு குழுவும் நாலு கதை எழுதினோம். தனித்தனியாகப் படித்தால் நாலும் ஒழுங்கான கதைகள். கடைசியில் எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பி நேரத்தை மட்டும் வரிசையாக எழுதினால், காகிதத்தில் எழுதிய கைது நேரத்துக்கு முன்பே அந்த ஆளுக்கு ஆஸ்பத்திரியில் காயம் பதிவாகியிருக்கிறது.

நர்ஸ் அக்கா மெதுவாகச் சொன்னார், "நாங்க காயத்தை எழுதுவோம். எப்ப புடிச்சாங்கன்னு கேக்கறது எங்க வேலை இல்லியே."

எனக்குச் சாத்தான்குளம் ஞாபகம் வந்தது. 2020 ஜூன் 19-ம் தேதி, ஊரடங்கு நேரத்தில் கடை திறந்து வைத்திருந்தார்கள் என்று தகப்பனையும் மகனையும் போலீஸ் பிடித்து ஸ்டேஷனில் அடித்தது. மறுநாள் மருத்துவர் சான்று கொடுத்தார். நடுவர் (மாஜிஸ்திரேட்) ரிமாண்டு செய்தார். கோவில்பட்டி கிளைச்சிறை உள்ளே வாங்கிக்கொண்டது. 22-ம் தேதி இரவு மகன் போனான், 23-ம் தேதி காலை தகப்பன் போனார். அடித்தவர்கள் பேரில் கோபப்படுவது சுலபம், பட்டாகிவிட்டது. அந்தத் தகப்பனையும் மகனையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அடுத்த மேசைக்குத் தள்ளிய மற்றவர்களை என்ன செய்ய? கைது குறிப்பாணை, உறவினருக்குத் தகவல், மருத்துவப் பரிசோதனை எல்லாவற்றையும் 1996-லேயே டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கிவிட்டது. சட்டம் இல்லாமல் இல்லை. காகிதங்களைச் சேர்த்துப் படிக்க ஒரு ஆள் இல்லை.

புள்ளியியல் வகுப்பில் தூங்கலாம் என்று போனேன், நடக்கவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2020 கணக்கில் நாட்டில் குற்றங்கள் 28 சதவீதம் கூடியிருக்கும். நாடு கெட்டுப்போச்சு என்று ஷேர் செய்ய வசதியான எண். உள்ளே பார்த்தால் கூடியதில் ஒரு பெரிய பங்கு, ஊரடங்கு மாதிரி அரசு உத்தரவை மீறியதற்காக இந்திய தண்டனைச் சட்டம் 188-ம் பிரிவில் போட்ட வழக்குகள். கடையைப் பத்து நிமிடம் தாமதமாக மூடியவனும் அந்தக் கணக்கில் ஒரு குற்றவாளி.

சமூகவியல் வாத்தியார் பெருங்காமநல்லூரைப் பற்றிப் பேசினார். நான் உசிலம்பட்டிப் பக்கம் வாக்கப்பட்டவள், மாமியார் வாயால் 'ரேகைச் சட்டம்' என்று கேட்டிருக்கிறேன். 1871-ல் வந்து, 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீண்ட குற்றப் பழங்குடிச் சட்டத்தின் கீழ் ஒரு சாதியில் பிறந்த ஆம்பிளைகளையெல்லாம் கைரேகை வைக்கச் சொன்னபோது மறுத்து நின்ற ஊர் அது. 1920 ஏப்ரல் 3-ம் தேதி போலீஸ் சுட்டது. இது தெரியாமலே அந்தப் பக்கத்துப் பையன்களுக்குப் பல வருடம் ஜாமீன் மனு போட்டிருக்கிறேன். "பழைய கேஸ் இருக்கு" என்று ஒரு வரி எதிர்ப்பு வரும்போது, அந்த வரிக்கு எத்தனை வயசு என்று யோசித்ததில்லை.

உளவியல் வகுப்பு எனக்குக் கசந்தது. சம்பவத்தை நேரில் பார்த்தவரின் நினைவு நாள் போகப் போக மாறும், மற்றவர்கள் பேசுவதும் அதில் கலந்துவிடும் என்று விளக்கினார்கள். சட்டை சிவப்பா நீலமா என்று கேட்டுச் சாட்சியைத் திணறடித்து நான் ஜெயித்த கேஸ்கள் கண்முன் வந்து போயின. அதில் சிலர் உண்மையிலேயே பார்த்தவர்களாக இருந்திருப்பார்கள்.

குறையும் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மொத்தம் அரை நாள்தான் வகுப்பு. சிறையை உள்ளே போய்ப் பார்க்க அனுமதி வாங்கித் தருவதாகச் சொல்லி, கடைசி வரை வாங்கவில்லை. 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நாலில் மூன்று பேர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். அவர்களைப் பவர்பாயின்டில் பார்த்துவிட்டு வருவதற்கு ஆறு மாதம் எதற்கு?

என்னைக் கேட்டால், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை விட, ஸ்டேஷன் ரைட்டர்களும் டியூட்டி டாக்டர்களும் ஏ.பி.பி.க்களும் (அரசுத் தரப்பு உதவி வக்கீல்கள்) வழிகாவலுக்கு வருகிற காவலர்களும் இதில் உட்கார வேண்டும். லீவும் கட்டணமும் அரசே கொடுக்கட்டும். சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் மட்டும் நிறைந்த வகுப்பாக இருந்தால் அந்த வழக்குக் கட்டு இன்னொரு பாடப் புத்தகம், அவ்வளவுதான்.

போன மாதம் இலவச சட்ட உதவியில் ஒரு பையனுக்கு ரிமாண்டில் ஆஜரானேன். செல்போன் திருட்டு. மனுவைத் திறக்கும் முன் ஏ.ஆர். காப்பி கேட்டேன். கூட வந்த ஏட்டு, "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா?" என்றார். நேரம் பார்க்கணும் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, கட்டைப் பிரித்துத் தேட ஆரம்பித்தார். அதில் இல்லை. "ஐயா, மருத்துவப் பரிசோதனை ஆவணம் வைக்கப்படவில்லை" என்று நடுவரிடம் சொன்னேன். வரவழைத்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். அதற்கு ரெண்டு மணி நேரம் ஆனது. பையன் அதுவரை பெஞ்சில் உட்கார்ந்து, யாரோ வாங்கிக்கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தான்.