மணமில்லாத பழமெல்லாம் ரசாயனப் பழமா? பரவும் செய்தி தவறு

“இயற்கையாகப் பழுத்த பழம் கட்டாயம் மணக்கும், மணக்காதது ரசாயனப் பழம்” என்ற செய்தி தஞ்சாவூர், திருவாரூர் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் பரவுகிறது. இது தவறு.

பழத்தின் மணம், விதை பரப்பும் விலங்குகளோடு சேர்ந்து பரிணமித்தது. வேலியில் செக்கச்சிவந்து தொங்கும் கோவைப்பழம் கண்ணால் தேடும் பறவைகளுக்கானது என்பதால் அதில் மணம் சொற்பமே. பழுத்தும் பசுமை முழுதும் மாறாத இலுப்பைப் பழத்தையோ, இரவில் வரும் வௌவால்கள் பெரிதும் மோப்பத்தால்தான் கண்டுகொள்கின்றன. மடகாஸ்கரின் ரனோமஃபானா காட்டில் நடந்த ஆய்வும், குரங்கு போன்ற விலங்குகளான லெமூர்கள் பரப்பும் பழங்களின் மணம் பழுக்கும்போது பெரிதும் மாறுவதையும், பறவைகள் மட்டுமே பரப்பும் பழங்களில் அம்மாற்றம் குறைவாக இருப்பதையும் காட்டியது. 2018இல் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வெளியான அக்கட்டுரையை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம்.

கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடைசெய்யப்பட்டது. அது குறித்த கவலை நியாயமானதே. ஆனால் மணத்தை மட்டும் வைத்து அதைக் கண்டறிய முடியாது. இச்செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.