பள்ளியில் மரியாதையைப் பெரியவர்கள் தொடங்க வேண்டும்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பிள்ளைகளுக்கு ஒழுங்கு விதிகள் வாசிக்கப்படுகின்றன. முடியை எப்படி வெட்ட வேண்டும், கைப்பேசி கொண்டுவரக் கூடாது, ஆசிரியர் வந்தால் எழுந்து வணக்கம் சொல்ல வேண்டும் என்று பட்டியல் நீளும். அவற்றில் பெரும்பாலானவற்றோடு எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் அதே வளாகத்தில் இருக்கும் ஆசிரியர்களும் அலுவலகப் பணியாளர்களும் சமையலரும் தூய்மைப் பணியாளரும், வந்து போகும் பெற்றோரும் தங்களுக்குள் எப்படிப் பழக வேண்டும், பிள்ளைகளிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எழுதி ஒட்டிய தாளை நான் எங்கும் கண்டதில்லை. அரசுப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். மாணவர்கள் கெட்டுப்போய்விட்டார்கள் என்ற பேச்சு எங்கள் கூட்டங்களில் தவறாமல் எழுகிறது. பெரியவர்களின் நடத்தையைப் பற்றிய பேச்சு எழுந்தால் உடனே அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறோம். குறை தொடங்குவது அங்கேதான் என்பது என் உறுதியான கருத்து.

கல்வி உதவித்தொகைக்கான விவரம் கேட்கப்படும் நாளை எடுத்துக்கொள்வோம். "எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எந்திரிங்க" என்று வகுப்பு ஆசிரியர் சொல்வார். அவர் மனத்தில் வன்மம் எதுவும் இருக்காது. மதியத்துக்குள் எண்ணிக்கையைப் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டும், பாடமும் நடத்த வேண்டும் என்ற அவசரம்தான் இருக்கும். ஆனால் எழுந்து நிற்கும் பிள்ளைகளை உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் பார்க்கும் அந்த ஒரு நிமிடத்தில், யார் எந்தத் தெரு, யார் என்ன சாதி என்பது வகுப்பு முழுவதற்கும் பதிவாகிவிடுகிறது. மதிய இடைவேளையில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதில் அதன் விளைவைக் காணலாம். ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் தமிழக அரசிடம் அளித்த அறிக்கை இந்த வழக்கத்தைத்தான் குறிப்பாகத் தொட்டது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, ஆசிரியர் மாணவரைச் சாதியைச் சுட்டி அழைக்கக் கூடாது, உதவித்தொகை விவரங்களை வகுப்பில் அறிவிக்காமல் கமுக்கமாகக் கையாள வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. சாதி அடையாளமாக மாணவர்கள் அணியும் வண்ணக் கயிறுகளுக்கும் நெற்றிப் பொட்டுக்கும் தடை வேண்டும் என்ற பகுதி மட்டும் ஊர் முழுக்க விவாதிக்கப்பட்டது. பிள்ளைகளின் கையில் இருக்கும் கயிறு கண்ணில் பட்ட அளவுக்குப் பெரியவர்களின் பதிவேடும் பேச்சும் நம் கண்ணில் படவில்லை.

அந்தக் குழு ஏன் அமைக்கப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் தங்கள் வீட்டுக்குள்ளேயே அரிவாளால் வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் அவரோடு அதே பள்ளியில் படித்த மாணவர்கள். தன்னை அவர்கள் தொல்லை செய்வது பற்றிப் பள்ளியில் தெரிவித்த பிறகே இது நடந்தது. மருத்துவமனையிலிருந்து மீண்ட அந்த மாணவர் அடுத்த ஆண்டு பொதுத் தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றபோது நாம் எல்லாரும் மனமாரப் பாராட்டினோம். பாராட்டுக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு பிள்ளை வந்து தன் துன்பத்தைச் சொல்லும்போது, அதை யார் காதுக்குக் கொண்டுபோக வேண்டும், யார் காதுக்குப் போகாமல் காக்க வேண்டும், சொன்ன பிள்ளைக்கு அன்று மாலையிலிருந்து என்ன பாதுகாப்பு என்ற நடைமுறை நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் இருக்கிறதா? பெரும்பாலான இடங்களில் புகார் சொன்னவனையும் புகாருக்கு ஆளானவனையும் எதிரெதிரே நிறுத்தி, இருவரையும் கைகுலுக்கச் சொல்லி அனுப்பிவிடுவதே நடைமுறையாக இருக்கிறது. அதைச் சமாதானம் என்று ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை.

ஒரு முன்பகலில் பள்ளி அலுவலகத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். நூறுநாள் வேலையை விட்டுவிட்டு, மாற்றுச் சான்றிதழுக்காக வந்திருந்தார் ஓர் அம்மா. சுவரோரம் இரண்டு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. உட்காருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை, அவராகவும் உட்காரவில்லை. எழுத்தர் நிமிர்ந்து பார்க்காமலேயே "நாளைக்கு வாம்மா" என்றார். சிறிது நேரம் கழித்து வெள்ளை வேட்டியில் ஒருவர் வந்ததும் அதே எழுத்தர் எழுந்து நின்று நாற்காலியை நகர்த்திப் போட்டார். அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்பிள்ளை இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் சமம் என்று எத்தனை வகுப்பில் சொல்லிக்கொடுத்தாலும், யாருக்கு நாற்காலி, யாருக்குச் சுவர் என்ற பாடத்தை அவளுக்கு அந்த அறை நடத்தி முடித்துவிட்டது.

நல்ல விதமாகவும் இது நடக்கும். எங்கள் பள்ளியில் கழிவறைகளைத் துப்புரவு செய்யும் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட அம்மாளை, ஆசிரியர்கள் பெயர் சொல்லி அழைத்ததைக் கேட்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் பெயர் சொல்லியே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்த தலைமையாசிரியை யாருக்கும் அறிவுரை கூறவில்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவரை "அக்கா" என்று அழைத்து முன்னால் நிற்கவைத்து, அவர் என்ன வேலை செய்கிறார், தண்ணீர் ஊற்றாமல் போனால் அவருக்கு என்ன சிரமம் என்று நான்கு வாக்கியங்களில் சொன்னார். அன்றுமுதல் தானும் அப்படியே அழைத்தார். அரையாண்டுத் தேர்வு வருவதற்குள் பிள்ளைகள் வாயில் "அக்கா" வந்துவிட்டது.

பெற்றோராகிய நம்மையும் இதிலிருந்து விலக்கிவைக்க முடியாது. வகுப்பு நடக்கும்போது உள்ளே நுழைந்து பிள்ளைகள் முன்னாலேயே ஆசிரியரை ஒருமையில் பேசுவதும், அதைக் கைப்பேசியில் எடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிடுவதும் நம்மில் பலர் செய்வதுதான். 2012இல் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஓர் ஆசிரியையைப் பள்ளிக்குள்ளேயே குத்திக் கொன்ற செய்தியைப் படித்த பிறகு, ஆசிரியர்களுக்கும் அச்சம் இருக்கும் என்பதை எவரும் மறுக்க மாட்டார்கள். இன்னொரு பக்கம், "கண்ண மட்டும் விட்டுட்டு மிச்சத்த உரிச்சிடுங்க சார்" என்று பிள்ளையை ஒப்படைக்கும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளையின் உடலைத் தண்டிப்பதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. பெற்றோர் அனுமதி கொடுத்தாலும் அந்தத் தடை தளர்ந்துவிடாது. அடிக்கவும் கூடாது, திட்டவும் கூடாது என்றால் எப்படித்தான் வகுப்பைக் கட்டிக்காப்பது என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்வி. பிரம்பைப் பிடுங்கிக்கொண்ட நாம், அந்த இடத்தில் ஆலோசகரையும், பெற்றோரின் ஒத்துழைப்பையும், அமர்ந்து பேசுவதற்கான நேரத்தையும் தரவில்லை. ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் முரண்டு பிடிக்கும் ஒரு மாணவனோடு தனியாகப் பேசுவதற்கு அந்த ஆசிரியருக்குக் காலஅட்டவணையில் ஒரு பாடவேளையாவது வேண்டாமா?

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்று அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. கட்டடம், குடிநீர் பற்றித் தீர்மானம் போடும் குழு பெரியவர்களின் நடத்தையைப் பற்றியும் போடலாம். எங்கள் அடுத்த கூட்டத்தில் நான் முன்வைக்கப்போகும் தீர்மானம் இது: உதவித்தொகை விவரங்களை எந்த ஆசிரியரும் வகுப்பில் கேட்கக் கூடாது, தலைமையாசிரியர் அறையில் பிள்ளைகளைத் தனித்தனியாக அழைத்தே கேட்க வேண்டும், மதிப்பெண் பட்டியல் வழங்கும் நாளில் ஒரு பிள்ளையைப் பற்றி மற்ற பெற்றோர் காதுபடப் பேசக் கூடாது, அலுவலகத்துக்கு வருகிற எவரையும் முதலில் உட்காரச் சொல்ல வேண்டும், பெற்றோர் எவரும் வகுப்பறைக்குள் சென்று ஆசிரியரிடம் வாக்குவாதம் செய்யக் கூடாது, குறை இருந்தால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் தர வேண்டும், அதற்கு ஒரு வாரத்துக்குள் எழுத்திலேயே பதில் கிடைக்க வேண்டும், தொல்லை பற்றிப் புகார் சொன்ன மாணவரின் பெயரை அதை விசாரிப்பவரைத் தவிர வேறு யாருக்கும் சொல்லக் கூடாது. இந்தத் தாளைப் பிள்ளைகளுக்கான விதிகள் ஒட்டப்பட்டிருக்கும் அதே அறிவிப்புப் பலகையில், அவற்றுக்குப் பக்கத்திலேயே, பிள்ளைகளும் படிக்கும்படி ஒட்ட வேண்டும் என்றும் கேட்கப்போகிறேன். மற்ற பள்ளிகளின் குழுக்களில் இருப்பவர்கள் இதில் சேர்க்க வேண்டியதையும் திருத்த வேண்டியதையும் சொன்னால், கூட்டத்துக்கு முன்பாகவே சேர்த்துக்கொள்வேன்.