இல்லாத மரத்துக்கு இரண்டு வருடச் சிறை

அமெரிக்க வரைபடத்தில் ஓக்லஹோமா மாநிலத்தைப் பார்த்தால், வாணலிக்குப் பிடி வைத்ததுபோல் மேற்கே ஒரு நீளத் துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பிடியின் நுனிதான் சிமரோன் கவுண்டி, நம்மூர் மாவட்டம் மாதிரி. அதன் தலைநகர் பாய்ஸ் சிட்டி. 2020 கணக்கெடுப்பில் 1,166 பேர். கோர்ட்டு, கஜானா எல்லாம் இந்தச் சிற்றூரில்தான். 'மோசடிக்காரர்கள் உண்டாக்கிய ஊர்' என்று சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குப் பாதிதான் உடன்பாடு.

மோசடி நடந்தது உண்மை. 1908-இல் மூன்று பேர் ஒரு கம்பெனி தொடங்கி, விளம்பரப் புத்தகம் அச்சடித்து அனுப்பினார்கள். தெருவின் இருபுறமும் மரங்கள், தளம் போட்ட சாலை, ரயில் வசதி, தானாகப் பொங்கும் ஊற்றுக் கிணறு என்று அதில் இல்லாதது இல்லை. 3,000 மனைகள் விற்றுப்போயின. வாங்கியவர்கள் மூட்டை முடிச்சோடு வந்து பார்த்தால் புல்லும் காற்றும்தான். விற்றவர்களுக்கு அந்த நிலத்தில் உரிமையே கிடையாது என்பது அதற்குப் பிறகு தெரிந்தது. பிரெஞ்சு மொழியில் 'bois' (உச்சரிப்பு 'புவா') என்றால் மரம், காடு. அதிலிருந்துதான் பெயரையே எடுத்தார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. இருவர் தபால் மோசடி வழக்கில் லெவன்வொர்த் சிறைக்குப் போனார்கள். மூன்றாமவர் தண்டனை தொடங்குமுன் காசநோயில் இறந்துபோனார்.

சரி, ஏமாந்தவர்கள் எல்லோரும் ஏன் திரும்பிப் போய்விடவில்லை? அங்கேதான் எனக்குக் கதை தொடங்குகிறது. மற்ற இடங்களில் நல்ல நிலமெல்லாம் ஏற்கெனவே கைமாறியிருந்தது. இந்தத் துண்டு மட்டும் மிஞ்சியதற்குக் காரணம் அடிமை முறை. அடிமை மாநிலமாகச் சேர்ந்த டெக்சாஸ், 36 பாகை 30 கலை அட்சக்கோட்டுக்கு வடக்கே அடிமை முறைக்குத் தடை இருந்ததால், அங்கே உள்ள நிலத்தை 1850-இல் விட்டுக்கொடுத்தது. பிறகு வந்த கன்சாஸ் தன் தெற்கு எல்லையை 37-ஆம் பாகையோடு நிறுத்திக்கொண்டது. இடையில் சிக்கிய பட்டை 1890 வரை எந்த மாநிலத்துக்கும் பிரதேசத்துக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது. 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்' என்றே அதற்குப் பெயர். கோமான்சே பூர்வகுடி மக்கள் வேட்டையாடிய பூமி அது என்பதை அந்தப் பெயர் வசதியாக மறந்துவிட்டது.

வந்தவர்கள் தரையைத் தோண்டிக் குழிவீடு கட்டினார்கள். புல்லோடு பெயர்த்த மண்கட்டிகளை அடுக்கிச் சுவர் வைத்தார்கள். விறகுக்கு மரமில்லை, காய்ந்த சாணியைப் பொறுக்கி அடுப்பெரித்தார்கள். ஊரை உண்டாக்கியவர்கள் என்று நான் இவர்களைத்தான் சொல்வேன்.

இவர்களிடம் சொல்லப்பட்ட பெரிய பொய் வேறு. வருடத்துக்கு ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் மழை பெய்யும் பூமி இது. ஏர் போகும் இடத்துக்கு மழை தானாகத் தொடர்ந்து வரும் என்று படித்தவர்களே 19-ஆம் நூற்றாண்டில் பிரசாரம் செய்திருந்தார்கள். முதல் உலகப் போரில் கோதுமை விலை புஷல் என்ற தானிய அளவுக்கு 2 டாலரைத் தாண்டியதும் புல்வெளியைக் கீறிப் போட்டார்கள். 1930-களில் மழை பொய்த்தது. மண்ணைப் பிடித்துவைக்கப் புல்வேர் இல்லை. 1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை, பகலை இரவாக்கிய புழுதிப் புயல் இந்த ஊரின் மேலும் வந்து விழுந்தது. இல்லாத மரத்தை விற்றவனுக்குச் சிறை. வராத மழையை வாக்களித்தவர்களுக்கு ஒன்றுமில்லை. இது என் ஆற்றாமை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1943 ஜூலை 5, நள்ளிரவு கடந்த நேரம். டெக்சாஸின் டால்ஹார்ட் விமானத் தளத்திலிருந்து பயிற்சிக்குக் கிளம்பிய அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானம் ஒன்று, கோர்ட்டுச் சதுக்கத்து விளக்குகளைப் பயிற்சி இலக்கு என்று நினைத்து, சொந்த நாட்டு ஊர்மேலேயே ஆறு குண்டுகளைப் போட்டது. ஒரு கார் ஷெட்டும் ஒரு தேவாலயமும் சேதம், உயிர்ச்சேதம் இல்லை. மின்நிலையத்தில் விளக்கை அணைத்த பிறகுதான் விமானம் போனது. ஒவ்வொன்றும் 100 பவுண்டு எடை கொண்ட பயிற்சிக் குண்டு. வெடிமருந்து கொஞ்சம்தான், மீதியெல்லாம் மணல். மேலேயிருந்து மண் விழுவது அந்த ஊருக்குப் புதிதா என்ன?