பொம்மைதானே என்று இன்னொரு முறை சொல்லாதீர்கள்

சின்னச் சின்ன பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றோடொன்று மாட்டி நான் கட்டிய லெகோ புலியின் வால் நான்கு துண்டாக என் மேஜை மேல் கிடக்கிறது. முன்னங்கால் ஒன்று தனியாகக் கிடக்கிறது. தாடையில் இருக்க வேண்டிய சின்ன வெள்ளை பீஸ் ஒன்றைக் காணவே இல்லை. சோபாவுக்கு அடியில் டார்ச் அடித்து மூன்று நாளாகத் தேடுகிறேன்.

வீட்டுக்கு வந்த உறவினரின் நாலு வயதுப் பையன் அலமாரியில் இருந்த புலியைப் பார்த்துக் கை நீட்டி அழுதான். அவன் மேல் எனக்கு ஒரு துளி கோபம் கிடையாது. அழகாக ஒரு புலி நின்றால் எந்தக் குழந்தைக்கும் கை நீளத்தான் செய்யும். ஆனால் அவன் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எட்டி எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டார். நான் உள்ளே இருந்து ஓடி வருவதற்குள் தரையில் சிதறும் சத்தம் கேட்டுவிட்டது. ஐயோ என்று கத்திவிட்டேன். அதற்குக் கிடைத்த பதில்: "பொம்மைதானேப்பா, திரும்ப மாட்டிக்கிட்டா போச்சு. இதுக்குப் போய் சின்னப் பையன்கிட்ட..." அங்கே இருந்த அத்தனை பேரும் என்னைத்தான் குற்றவாளி மாதிரி பார்த்தார்கள்.

திரும்ப மாட்டிக்கொள்வதாம்! லெகோவின் அந்தப் புலி செட்டில் 755 பீஸ். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, எல்லோரும் தூங்கிய பிறகு உட்கார்ந்து பதினோரு இரவு கட்டினேன். முதல் இரண்டு இரவு புலி என்று சொல்ல ஒன்றுமே தெரியாது, வயிற்றுக்குள் போய் மறையப்போகும் பீஸ்கள்தான். அப்புறம் மெல்ல முதுகு எழும்பும். உடம்பில் இருக்கும் கறுப்பு வரிகள் மேலே ஒட்டியவை அல்ல. ஆரஞ்சு பீஸுக்கு நடுவே கறுப்பு பீஸை வைத்து வைத்து வரி வரியாக நாமே கட்ட வேண்டும். ஒன்று இடம் மாறிவிட்டால் நகத்தால் நெம்பி எடுத்து மறுபடி வைக்க வேண்டும். சரியாக உட்காரும்போது ஒரு 'டிக்' கேட்கும் பாருங்கள், நாள் முழுக்க மண்டைக்குள் ஓடிய இரைச்சல் அந்த ஒரு சத்தத்தில் அடங்கிவிடும். கடைசி இரவு தாடையை மாட்டித் திறந்து மூடிப் பார்த்தபோது கண் கலங்கியது.

இதே பீஸ்களைப் பிரித்தால் சிவப்புப் பாண்டா கட்டலாம், கோய் மீன் கட்டலாம். அதையெல்லாம் யோசித்து வடிவமைத்தவர்களும் வளர்ந்த பெரியவர்கள்தான். 2015இல் லெகோ வெளியிட்ட பறவைகள் செட்டில் ராபின், நீல ஜே, ஓசனிச்சிட்டு மூன்றும் உண்டு. அவற்றை முதலில் உருவாக்கியவர் பிரிட்டனில் தோட்ட வேலை செய்துவந்த ஒருவர். 2020 முதல் பெட்டியின் மேலேயே 18+ என்று அச்சிட்டு, பெரியவர்களுக்கென்று தனியாகவே செட்டுகள் வருகின்றன. இத்தனைக்குப் பிறகும் கடையில் பெட்டியைக் கையில் எடுத்தால் முதல் கேள்வி, "எத்தனை வயசுப் பிள்ளைக்கு?" எனக்குத்தான் என்று சொன்னால் ஒரு நமட்டுச் சிரிப்பு.

இந்தப் புலிப் பெட்டியில்கூட 9 வயதுக்கு மேல் என்றுதான் போட்டிருக்கிறது. நாலு வயதுக் குழந்தை கையில் விரல் நுனி அளவு பீஸ்களை அள்ளிக் கொடுத்தவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த வெள்ளை பீஸ் அவன் வாய்க்குள் போயிருந்தால்? அன்று என் வயிற்றைக் கலக்கிய பயம் அதுவும்தான். சொல்ல வாயெடுத்தேன், "ரொம்பத்தான் பண்ற" என்று அடக்கிவிட்டார்கள்.

அவர்கள் வந்த காரின் மேல் என் வீட்டுப் பிள்ளை ஏறி உட்கார்ந்து ஒரு கீறல் போட்டிருந்தால், காருதானே என்று நான் சொல்ல முடியுமா? அது பெரியவர்களின் பொருள், இது பொம்மை, அவ்வளவுதான் கணக்கு. ஒருவர் ஆசைப்பட்டுச் சேர்த்து, நேரம் போட்டு உண்டாக்கியதற்கு மதிப்பு வர, அது என்னவாக இருக்க வேண்டும் என்பதை இவர்கள் யார் முடிவுசெய்ய?

பூட்டு வைத்த அலமாரி வாங்கு என்று இப்போது அறிவுரை வேறு. என் வீட்டில் என் பொருளை நான் ஏன் பூட்டி வைக்க வேண்டும்? எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்?

பையனுக்காக டூப்லோ கட்டைகள் ஒரு பை வாங்கி வைத்துவிட்டேன். சின்னக் கைக்கென்றே செய்த பெரிய கட்டைகள், விழுங்க முடியாது. அடுத்த முறை வரட்டும், தரையில் உட்கார்ந்து அவனும் நானும் சேர்ந்தே ஒரு புலி கட்டுகிறோம். அலமாரிப் பக்கம் மட்டும் அவன் அம்மா போகக் கூடாது.