நிழலுக்குச் சாம்பல் வேண்டாமே

கணினியில் படம் வரைவது பற்றிய உங்கள் கட்டுரையில், நிழலுக்குத் தனி லேயர் (படத்தின்மேல் வைக்கும் தனி அடுக்கு) போட்டு, மல்டிப்ளை மோடில் (மேல் அடுக்கின் நிறத்தைக் கீழே உள்ள நிறத்தோடு பெருக்கி இருட்டாக்கும் முறை) சாம்பல் நிறம் பூசினால் போதும் என்று சொல்லியிருக்கிறீர்கள். அவசரத்துக்குச் சரி, ஆனால் படம் அழுக்கேறிய மாதிரி ஆகிவிடும். நிழல் விழும் இடத்தில் வெயில் படாவிட்டாலும் வானத்தின் வெளிச்சம் படுகிறது. அதனால்தான் வெள்ளைச் சுவரில் மாலை நிழல் நீலம் தட்டித் தெரிகிறது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1890-91இல் வரைந்த வைக்கோல் போர் வரிசையில் பனிக்காலப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள், நிழலெல்லாம் நீலமும் ஊதாவும்தான்.

மல்டிப்ளையே இருக்கட்டும், சாம்பலுக்குப் பதில் வெளிர் நீல ஊதா எடுங்கள். மஞ்சள் சட்டைமேல் அது தானாகவே பழுப்புக்குப் போகும். மல்டிப்ளை என்பது பெருக்கல்தானே. வண்ண விளக்குக்கும் இதே கணக்கு: சுத்தமான பச்சை விளக்கின் கீழ் சிவப்புப் புடவை ஏறக்குறைய கறுப்பாகத்தான் தெரியும். அதன்மேல் பளிச்சென்று பச்சையைத் தடவுகிறவர்கள்தான் அதிகம்!

அப்புறம், தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம். செம்மண் தரையில் நிற்பவரின் தாடைக்கு அடியில் லேசாகச் செம்மை ஏறும். அதை வெயில் பட்ட கன்னத்தைவிடப் பிரகாசமாக்கினால் முகத்தின் வடிவமே கெட்டுவிடும். கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள் இலவசம்தான், அதிலேயே இதையெல்லாம் செய்து பார்க்கலாம்.