வரைவு எழுதுவதிலும் கொள்கை உண்டு
சட்ட வரைவில் செயற்கை நுண்ணறிவு எழுத்தர் வேலையை மட்டுமே செய்கிறது, கொள்கை முடிவு மனிதரிடமே இருக்கிறது என்று கட்டுரையாளர் கூறுவதை ஏற்க இயலவில்லை. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரில் 2023-ஆம் ஆண்டு, தண்ணீர் மீட்டர் திருடுபோனால் புதியதற்கான செலவைக் குடியிருப்போரிடம் வாங்கக் கூடாது என்றொரு சட்டத்தை எழுதித் தருமாறு மாமன்ற உறுப்பினர் ஒருவர் சாட்ஜிபிடியிடம் கேட்டபோது, 30 நாட்களுக்குள் மாநகராட்சி மீட்டரை மாற்றித் தர வேண்டும், தவறினால் தண்ணீர்க் கட்டணமே கிடையாது என அவர் கேட்காத விதிகளையும் அது சேர்த்துக் கொடுத்தது. நல்ல விதிகள்தாம், மறுக்கவில்லை. ஆனால் காலக்கெடுவும் கட்டண விலக்கும் கொள்கையல்லாமல் வேறென்ன? மாமன்றத்தின் 36 உறுப்பினர்களும் அதை ஒருமனதாக நிறைவேற்றிய பின்னரே எழுதியது எது என்பதை அவர் வெளியிட்டார். முன்பே சொல்லியிருந்தால் வாக்கெடுப்புக்கே வந்திருக்காது என்பது அவர் தந்த விளக்கம்.