"யாருக்கு வேண்டுதல், தம்பி?"

நான்கு சனிக்கிழமை. ஒவ்வொரு சனியும் பத்துமலைப் படிகளைப் பத்துத் தடவை ஏறி இறங்க வேண்டும். 272 படி, நாற்பது தடவை, ஏறுவது மட்டும் 10,880. நேற்றோடு இரண்டு வாரம் முடிந்தது. முட்டி கெஞ்சுகிறது, குரங்குகள் என் தண்ணி பாட்டிலை அடையாளம் வைத்திருக்கின்றன.

ஐந்தாவது சுற்றில் பூக்கடை அக்கா நிறுத்திவிட்டார். "யாருக்கு வேண்டுதல், தம்பி? உடம்பு சரியில்லையா?" ஹோஸ்பிஸுக்குக் காசு சேர்க்கிறேன், இனிக் குணமாகாது என்று ஆனவர்களை வீட்டுக்கே வந்து வலியில்லாமல் பார்த்துக்கொள்கிறவர்கள் என்றேன். முகம் மாறிவிட்டது. "கோயில் வாசல்ல அந்தப் பேச்சு எதுக்குப்பா?"

அந்த 'எதுக்கு'தான் எனக்குப் பிரச்சினை. திருப்பணி, அன்னதானம், குழந்தைக்கு ஆபரேஷன் என்றால் நம்மவர்கள் அள்ளிக் கொடுப்பார்கள். பிழைப்பார் என்றால் கொடுப்போம். பிழைக்கமாட்டார் என்று தெரிந்துவிட்டால் கை மடங்கிவிடும். "போற உயிருக்கு எதுக்குடா காசு" என்று கேட்டது என் சொந்தச் சித்தப்பா.

அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். "இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்க" என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை நாங்களும் அப்படியே நம்பி, ஐந்து வாரம் பனடோலும் விபூதியுமாக, ராத்திரி முழுக்க அவர் முனகுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஹோஸ்பிஸ் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், வந்தது கடைசிப் பதினொரு நாள்தான். வலிக்கு மார்ஃபின் மருந்து என்றதும் பெரியம்மா ஒரே ரகளை, கொன்னுடுவாங்க என்று. மிஸ்ஸி கோபப்படவே இல்லை. வலிக்குத் தகுந்த அளவில் கொடுத்தால் அது ஆளைக் கொல்லாது, மலச்சிக்கல்தான் வரும், அதற்கும் மருந்து தருகிறேன் என்றார். நாலு மணிக்கு ஒருமுறை, வாயில் ஊற்றும் மருந்து, அவ்வளவுதான். மூன்றாம் நாள் அம்மா நன்றாகத் தூங்கி எழுந்து மைலோ கேட்டார். சீனி பத்தலை என்று திட்டினார். அந்தத் திட்டை ஐந்து வாரம் முன்னாடியே வாங்கியிருக்கலாம்.

செய்ய ஒன்றுமில்லை என்பது பொய். குணப்படுத்த ஒன்றுமில்லை, அது வேறு.

செராஸில் இருக்கும் ஹோஸ்பிஸ் மலேசியா 1991-இல் தொடங்கியது. கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு தேடி வருகிறார்கள், நோயாளியிடம் காசு வாங்குவதில்லை. அப்படியானால் மிஸ்ஸிக்குச் சம்பளம், காருக்கு எண்ணெய், இதெல்லாம் எங்கிருந்து வரும்? யாராவது கொடுத்தால்தான்.

"காசு வேணும்னா நேரா கேளு, ஏன் இந்தக் கூத்து" என்று இன்பாக்ஸில் இரண்டு பேர். நேராகக் கேட்டும் பார்த்தேன், ஒரு லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள். வியர்த்து விறுவிறுத்து மூச்சு வாங்க ஏறுகிறவனைப் பார்த்தால் ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்டால் நானும் மார்ஃபின் கதையைச் சொல்லிவிடுவேன். காவடி எடுக்கிறவனிடம் யாரும் "நேரா உண்டியல்ல போடு" என்று சொல்வதில்லையே.

இதுவரை சேர்ந்தது 2,340 வெள்ளி (ரிங்கிட்). அடுத்த சனி காலை ஏழு மணிக்கு முருகன் சிலைக்குக் கீழே நிற்பேன். சித்தப்பா, நீங்கள் ஏற வேண்டாம், குரங்குகளிடமிருந்து பாட்டிலைக் காப்பாற்ற ஒரு ஆள் வேண்டும்.